ஆம்பிளப் புள்ளைக்குச் சட்டியா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊத்திக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். எழுதுவது ஒருவர், பேசுவது ஆறு பேர். ஒரே ஸ்டாஃப் ரூமில் இருக்கும் ஆறு ஆசிரியர்கள். மூன்று பேர் ஹட்டன் டவுன் முஸ்லிம்கள், மூன்று பேர் தோட்டத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்கள். அதனால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். எங்களிடம் படித்த பையன் ஒருவன் உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனான். போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஏதாவது வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். கைக்கடிகாரம் என்றார் ஒருவர். நல்ல சேர்ட் இரண்டு என்றார் இன்னொருவர். அப்போது எங்கள் டீச்சர் ஒருவர் சொன்னார்: "ஸ்லோ குக்கர் ஒன்னு வாங்கிக் குடுப்போம்."

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. செய்தி வெளியே போனதும் ஊரும் சிரித்தது. "ஆம்பிளப் புள்ளைக்குச் சட்டியா?" "என்ன ஸேர், அவனுக்குச் சீதனமா கட்டிக் குடுக்கிறீங்க?" பள்ளிவாசல் முன்னால் கேட்டார்கள், கோயில் திருவிழாவில் கேட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். சிரித்தவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள்.

அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி இன்னொரு பையன் போனான். அவனுக்கு நாங்கள் சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். பாடசாலைப் பெயர் பொறித்து, கண்ணாடி போட்டு, போட்டோ பிடித்து, இதே பக்கத்தில் போட்டோம். நீங்கள் எல்லோரும் லைக் போட்டீர்கள்.

அந்தப் பையன் கொழும்பில் காலையில் ஒரு பனிஸும் பிளேன்டீயும். பகலில் நேரம் கிடைத்தால் இன்னொரு பனிஸ். இரவு பத்து மணிக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு கொத்து. சம்பளத்தில் முக்கால்வாசியை வீட்டுக்கு அனுப்பினான். எட்டாவது மாதம் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தான். வயிற்றில் புண், உடம்பில் இரத்தம் குறைவு என்று சொன்னார்கள். தகப்பன் போய் அவனை ரயிலில் கூட்டி வந்தார். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும்போது நாங்கள் பார்த்தோம். எங்கள் வகுப்பில் கால்பந்து அடித்த பிள்ளை, படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

அந்தக் கடிகாரம் இப்போது அவனுடைய லயத்துச் சுவரில் தொங்குகிறது. சரியாக நேரம் காட்டுகிறது. சாப்பாட்டு நேரத்தையும் காட்டுகிறது.

அதனால்தான் டீச்சர் சட்டி என்றார். அந்த டீச்சர்தான் அவனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து வந்தவர். அவருடன் முதலில் சிரித்தது நாங்கள்தான் என்பதையும் எழுதி வைக்கிறோம்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

"சமைக்கிறது பொம்பளை வேலை" என்கிறீர்கள்.

அப்படியா? நம் ஊர்க் கடையில் கொத்து வெட்டுவது யார்? கல்யாண வீட்டில் சஹனுக்குப் பிரியாணி ஆக்க வருகிறவர் யார்? திருவிழா அன்னதானத்துக்கு அண்டாவில் சாம்பார் கிண்டுவது யார்? நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவது யார்? எல்லாம் ஆண்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. ஊருக்குச் சமைத்தால் ஆண் வேலை, தன் வயிற்றுக்கும் தன் வீட்டுக்கும் சமைத்தால் பெண் வேலை. இந்தக் கணக்கை எந்தக் கிதாபில் படித்தீர்கள்? நபியவர்கள் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுப் போவார்கள் என்று ஆயிஷா நாயகி (ரழி) சொன்னதை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "சோறு எங்க?" என்றுதானே கேட்கிறோம்.

தோட்டத்துப் பக்கமும் பேசுவோம். பல தோட்டங்களில் ஆண்கள் கவ்வாத்து, முள்ளுக்குத்து என்று கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் பகலோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பெண்கள் மாலை வரை மலையில் நின்று கொழுந்து எடுத்து, நிறுவையில் நின்று, கொட்டிவிட்டு வருகிறார்கள். முதலில் வந்தவர் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. கடைசியில் வந்தவள்தான் பற்ற வைக்க வேண்டும். இதைப் பார்த்து வளர்ந்த பையன் கொழும்பில் பனிஸ் தின்று விழாமல் என்ன செய்வான்? அவனுக்கு நாம் இருபது வருடமாகச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: உன் சாப்பாடு யாரோ ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. அந்தப் பெண் இல்லாத ஊருக்கு அவனை அனுப்பிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் மகன் என்கிறோம். எதை வைத்துப் பார்ப்பான்?

பெண் பிள்ளைகளிடம் நாம் செய்வதும் இதே தவறின் அடுத்த பக்கம். மகன் வெளியூர் போனால் ஃபோன், மகள் போனால் பானை சட்டி. கெம்பஸ் கிடைத்த பிள்ளை ஒருத்தி எங்களிடம் கேட்டாள்: "ஸேர், எல்லாரும் எனக்கு டின்னர் செட்டும் சட்டியுமே தாறாங்க. நான் படிக்கவா போறேன், குடும்பம் நடத்தவா போறேன்?" பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மகனுக்குக் கொடுத்தால் அவமானம், மகளுக்குக் கொடுத்தால் தலையெழுத்து என்று ஒரு சட்டியை ஆக்கி வைத்திருக்கிறோம். பசி இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? 1978இல் திறந்த கட்டுநாயக்க வலயத்தில் இன்றைக்கும் மலைநாட்டுப் பிள்ளைகள் ஷிஃப்ட் வேலை செய்துவிட்டுப் போர்டிங் அறைக்குத் திரும்புகிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு சட்டி வேண்டும். அவள் பெண் என்பதற்காக இல்லை. ஷிஃப்ட் முடிந்து வரும்போது சூடாக ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காக.

"காசாவே குடுத்திருக்கலாமே?" என்கிறீர்கள்.

காசு கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அது அடுத்த வாரமே அம்மாவின் கைக்கு வந்துவிடும். நல்ல பிள்ளை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த நல்ல பிள்ளைதான் பனிஸ் தின்று விழுந்தான். வீட்டுக்கு அனுப்ப முடியாத ஒன்றை அவனுக்குக் கொடுக்க வேண்டும். சட்டியை மணி ஓர்டர் பண்ண முடியாது.

"ரைஸ் குக்கர் போதாதா?" என்கிறீர்கள்.

இது நியாயமான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்கிறோம். போகிற அறையில் ஒன்றுமே இல்லை, ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் ரைஸ் குக்கரையே வாங்குங்கள். சோற்றுக்கு அதுதான் சரி. 700 வொட்ஸ் குக்கர் அரை மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் செலவு. ஸ்லோ குக்கரில் சோறு ஆக்கினால் களியாகிவிடும்.

ஆனால் எங்கள் பையன் போன அறையில் நாலு பேர். அங்கே ரைஸ் குக்கர் ஏற்கனவே இருந்தது. இல்லாதது கறி. சோற்றை ஆக்கிவிட்டுக் கறியைக் கடையில் வாங்கினார்கள். காசு போனதும் வயிறு கெட்டதும் அந்தக் கறியில்தான். காலை ஏழு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறவன் அடுப்புக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நிற்க மாட்டான். அவனுக்குக் களைப்பு. போகும்போது கடலையையும் வெங்காயத்தையும் தூளையும் தண்ணீரையும் போட்டு மூடிவிட்டுப் போனால், வரும்போது கறி இருக்கும். காவல் வேண்டாம், கிண்ட வேண்டாம், தண்ணீர் வற்றிப் பிடிக்குமோ என்ற பயமும் பெரிதாக வேண்டாம். ஸ்லோ குக்கரின் விசேஷம் ருசி இல்லை. ஆள் இல்லாத வீட்டில் ஆள் மாதிரி இருப்பதுதான்.

"கரண்ட் பில்?" என்கிறீர்கள்.

கேட்க வேண்டியதுதான். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின் கட்டணம் ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. சின்ன ஸ்லோ குக்கர் 120 முதல் 200 வொட்ஸ் வரை இழுக்கும். 200 வொட்ஸ் எட்டு மணித்தியாலம் ஓடினால் 1.6 யூனிட். 120 வொட்ஸ் என்றால் ஒரு யூனிட்டுக்குள். நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு அரை யூனிட் கூட வராது. கடைக்கறி ஒரு பார்சலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே புரியும். ஆனால் போர்டிங் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிட வேண்டும். பல கெம்பஸ் விடுதிகளில் சமைக்கும் கருவிகளுக்கு அனுமதியே இல்லை. அங்கே போகும் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் அது கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

"இது வெள்ளைக்காரன் சாமான், நமக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

அவருக்காக ஒரு சின்னக் கதை. அமெரிக்காவில் சிகாகோவில் இர்விங் நக்ஸன் என்று ஒரு யூதர் இருந்தார். அவருடைய தாய் லித்துவேனியாவைச் சேர்ந்தவர். அங்கே யூதர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு நெருப்பு மூட்ட மாட்டார்கள். அதனால் பயறும் இறைச்சியும் போட்ட பானையை வெள்ளி பின்னேரம் ஊர் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் அது இரவு முழுக்க வேகும். அடுத்த நாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். தாய் சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் நக்ஸன் மின்சாரப் பானை ஒன்றைச் செய்தார். 1940இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு இன்னொரு கம்பனி அதை வாங்கி 1971இல் க்ரொக் பொட் என்ற பெயரில் விற்றது.

அதாவது இதன் மூலம் ஒரு ஏழை ஊரின் பானையும் ஒரு பேக்கரியின் மிச்சச் சூடும்தான். நமக்கு இது புதிதா? லயத்து விறகடுப்பில் இரவுத் தணலை மூடி வைத்து, அதன் மேல் பானையை ஏற்றிவிட்டுத் தூங்கியவர்கள் நம் பாட்டிமார். சாம்பலுக்குள் வத்தாளைக் கிழங்கைப் புதைத்து வைத்துவிட்டு மலைக்குப் போனவர்கள். சஹருக்கு எழும்பும்போது கஞ்சி சூடாக இருக்க வேண்டும் என்று அடுப்பைத் தணித்து வைத்தவர்கள் நம் உம்மம்மாமார். நோன்பு காலத்தில் இரவு தராவீஹ் முடிந்து போட்டுவிட்டால் சஹருக்குக் கறி தயார். கொழும்பில் தனியாக நோன்பு பிடிக்கும் எத்தனை பிள்ளைகள் வெறும் தண்ணீரோடு நிய்யத் வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

சரி, வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாங்கள் கடைக்காரர்கள் இல்லை. எங்களுக்குக் கொமிஷனும் இல்லை.

1. பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். நம் ஊரில் பரிசு என்றால் பெட்டி பெரிதாக இருக்க வேண்டும், போட்டோவில் விழ வேண்டும். ஆறு லீற்றர் சட்டியில் ஒருவனுக்கான கறி அடியில் ஒட்டிக் கருகும். சட்டி பாதிக்கு மேல் நிறைந்தால்தான் சரியாக வேகும். ஒருவருக்கு ஒன்றரை இரண்டு லீற்றர். நாலு பேருக்கு மூன்று மூன்றரை.

2. பட்டன் அமுக்கும் டிஜிட்டல் வேண்டாம். திருகும் குமிழ் உள்ளதை வாங்குங்கள். கரண்ட் போய் வந்தால் டிஜிட்டல் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். குமிழ் உள்ளது தானாகத் திரும்ப ஓடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது.

3. ஆனால் தான் இல்லாத நேரத்தில் கரண்ட் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டால், அந்தக் கறியைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். இளஞ்சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த இறைச்சி வயிற்றுக்கு ஆகாது. மணம் நன்றாக இருந்தாலும் ஆகாது.

4. காய்ந்த போஞ்சி விதையை, முக்கியமாகச் சிவப்பு விதையை, பச்சையாக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதில் ஒரு நஞ்சு இருக்கிறது. மெல்லிய சூட்டில் அது அழியாது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகுதான் போட வேண்டும். நுவரெலியாப் பக்கம் போஞ்சி விளைகிறது, விதை வீட்டில் இருக்கும். இதை மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.

5. ஐஸ் கட்டியாக இருக்கும் கோழியை நேராகப் போடக் கூடாது. தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணித்தியாலத்தில் ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது நிமிடச் சூடு போய்விடும்.

6. இங்கே சமைத்துப் பழகியவனுக்குக் கொழும்பில் நேரம் கொஞ்சம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவில். அதனால்தான் நம் பக்கம் கடலை வேக இவ்வளவு நேரம். கடலோரத்தில் 100 பாகை.

7. மல்டி ப்ளக்கில் ஹீட்டர், அயன் பொக்ஸோடு சேர்த்து மாட்டக் கூடாது. சுவர் ப்ளக்கில் நேராக.

எட்டாவதுதான் மிக முக்கியம். வெறும் பெட்டியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். நாங்கள் என்ன செய்தோம் என்றால், பையன் போவதற்கு முந்திய சனிக்கிழமை அவனை எங்களில் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டோம். அவனே வெங்காயம் வெட்டினான். அழுதான், வெங்காயத்துக்குத்தான். ஊறவைத்த கடலை, கிழங்கு, கரட், ஒரு கரண்டி மிளகாய்த்தூள், உப்பு. காலையில் போட்டு, பின்னேரம் திறந்தோம். அவனுடைய அம்மாவும் வந்திருந்தார். மலைக்குப் போய்விட்டு நேராக வந்தவர்.

அம்மா கறியை ருசி பார்த்தார். சட்டியைத் தொட்டுப் பார்த்தார். வயரைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார்.

"நல்லாருக்குங்க ஸேர். இது மாதிரி ஒன்னு எனக்கும் இருந்தா, மலையில இருந்து வந்ததும் சோத்த மட்டும் வச்சாப் போதும்ல."

ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

இத்தனை மாதமாக நாங்கள் பேசியது, வாதாடியது, காசு சேர்த்தது எல்லாம் ஊரை விட்டுப் போகும் பிள்ளைக்காக. ஊரிலேயே இருந்து காலை ஐந்து மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பகல் முழுக்கக் கூடை சுமந்து, பொழுது சாய்ந்து வந்து புகைக்குள் குந்தும் அம்மாவை ஒருவரும் நினைக்கவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதற்கு எத்தனை கூட்டம், எத்தனை பேச்சு! தன் நாட்சம்பளத்தில் அவர் இந்தச் சட்டியை வாங்க எத்தனை நாள் கொழுந்து எடுக்க வேண்டும்? விலையைக் கடையில் கேளுங்கள், நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள், பிறகு சிரியுங்கள்.

அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே என்பீர்கள். யோசித்தோம். அந்த லயத்தில் வயரிங் பழையது. ஒரு ப்ளக் பொயிண்ட், அதுவும் சூடாகிறது. அதில் எட்டு மணித்தியாலம் எதையும் மாட்டிவிட்டு மலைக்குப் போங்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. லயம் தீப்பற்றினால் ஒரு வீட்டோடு நிற்காது, வரிசையே போகும். இருநூறு வருடமாக இந்த நாட்டுக்கு டொலர் சம்பாதித்துக் கொடுத்த மக்களின் அறையில் ஒரு சின்னச் சட்டியை நம்பி மாட்ட ஒரு ப்ளக் இல்லை. வீட்டுத்திட்டம் பேச மேடை ஏறுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அதுவரை என்ன செய்வது? எங்கள் விஞ்ஞான ஸேர் ஒரு வழி சொன்னார். கரண்டே வேண்டாம். ஒரு மரப்பெட்டி, அல்லது தடித்த கார்ட்போர்ட் பெட்டி. உள்ளே சுற்றிவரப் பழைய கம்பளியும் ஸ்வெட்டரும் நெருக்கமாக அடைக்க வேண்டும். காலையில் ரொட்டி சுடும் அதே அடுப்பில் ஊறவைத்த கடலையைப் பதினைந்து இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு பெட்டிக்குள் இறக்கி, மேலேயும் கம்பளியால் மூடிவிட்டு மலைக்குப் போய்விடலாம். சட்டி நிறைய இருந்தால் சூடு பல மணித்தியாலம் நிற்கும். மாலை வந்து திரும்ப ஒரு கொதி கொதிக்கவைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இதற்கு இறைச்சி வேண்டாம், பருப்பும் கடலையும் கிழங்கும் போதும். அம்மா செய்து பார்த்தார். முதல் நாள் கடலை கொஞ்சம் கடினம். இன்னொரு கம்பளி போட்டதும் சரியாகிவிட்டது. விறகு மிச்சம், புகை மிச்சம் என்றார். பழைய கம்பளிக்கு நம் பக்கத்தில் பஞ்சமா?

பையன் இப்போது கொழும்பில் இருக்கிறான். முதல் வாரமே காலையிலேயே தேங்காய்ப்பாலை ஊற்றித் திரித்துவிட்டான். வொய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இப்போது நாலு பேரும் முறை வைத்துப் போடுகிறார்கள். பக்கத்து அறையில் கிழக்கு மாகாணத்துப் பிள்ளை ஒருவன் தனியாக இருக்கிறானாம். அவனுக்கும் ஒரு கோப்பை போகிறதாம். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அயலவருக்கும் கொடுக்கச் சொன்ன நபிமொழியை நாங்கள் அவனுக்குப் படிப்பிக்கவில்லை. அவன் முருகனைக் கும்பிடும் பிள்ளை. சட்டி படிப்பித்திருக்கிறது.

ஊராரே, இவ்வளவும் ஒரு சட்டிக்காகச் சொல்லவில்லை. பரிசு என்பது கொடுக்கிறவரின் பெயர் பொறிப்பதற்கா, வாங்குகிறவரின் வயிறு ஆறுவதற்கா? அடுத்த மாதம் இன்னும் பிள்ளைகள் ரயில் ஏறுவார்கள். யாருக்காவது ஏதாவது வாங்கும் முன் நாலே நாலு கேள்வி கேளுங்கள். அவன் போகும் அறையில் என்ன இருக்கிறது? எத்தனை மணிக்கு வருவான்? யார் சமைப்பது? அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கடைசிக் கேள்விக்கு "யாரும் இல்லை" என்று பதில் வந்தால், கடைக்குப் போகும் முன் அவனை உங்கள் குசினிக்குக் கூப்பிடுங்கள். ஒரு வெங்காயமும் கத்தியும் கொடுங்கள். அம்மாமார் உட்காரட்டும். தகப்பன்மார் பக்கத்தில் நில்லுங்கள், தெரியாவிட்டால் நீங்களும் சேர்ந்து படியுங்கள்.

சுவர்க் கடிகாரம் வாங்க நினைத்தவர்கள் ஒருமுறை அந்த லயத்துக்குப் போய், அந்தக் கடிகாரத்துக்குக் கீழே படுத்திருக்கும் பையனைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.